வீட்டுப் புயல் முன்னேற்பாடு

வங்கக் கடலில் உருவாகும் புயலிலிருந்து உயிரையும் உடைமையையும் காக்க ஒரு குடும்பம் செய்துகொள்ளும் ஏற்பாடுகளே வீட்டுப் புயல் முன்னேற்பாடு. தமிழகக் கரையோரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலமே இதற்குரிய முக்கியக் காலம். தானே (2011), வர்தா (2016), கஜா (2018) ஆகிய மூன்று புயல்களும் இம்மாதங்களில் வந்தவையே.

1964 டிசம்பரில் புயலில் தனுஷ்கோடி அழிந்த காலத்தைப் போலன்றி, இன்று செயற்கைக்கோளும் ரேடாரும் புயல் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை மோசமான வானிலை பற்றி 72 மணி நேரம் முன்பும், புயல் பற்றி 48 மணி நேரம் முன்பும், 24 மணி நேரம் முன்பும் படிப்படியாக அறிவிக்கிறது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் கடலில் செல்வோருக்கானது. வீட்டில் இருப்போர் தம் மாவட்டத்துக்கு அறிவிக்கப்படும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிற எச்சரிக்கைகளையே கவனிக்க வேண்டும்.

முதல் அறிவிப்பு வந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. காற்று வலுத்தபின் கூரையில் ஏறுவது உயிருக்கு ஆபத்து. அதற்கு முன்பே தளர்ந்த ஓடுகளையும் தகரத்தையும் இறுக்கிக் கட்ட வேண்டும். மொட்டை மாடியிலுள்ள பூந்தொட்டிகளைக் கீழே இறக்கி, மழைநீர்க் குழாயின் அடைப்பை நீக்க வேண்டும். தென்னையில் முற்றிய காயையும் அடிமட்டைகளையும் வெட்டினால் மரத்தின் தலைப்பாரம் குறையும். குடும்ப அட்டை, ஆதார், பட்டா ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைக்க வேண்டும்.

புயல் வீசுவது சில மணி நேரம்தான். அதற்குப் பிந்தைய இருட்டுதான் நீளமானது. கஜாவுக்குப் பிறகு காவிரி டெல்டாவில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மோட்டார் ஓடாவிட்டால் மாடித் தொட்டியும் வறண்டுவிடும் என்பதால் குடம், அண்டா, வாளி அனைத்திலும் முன்பே நீர் நிரப்பி வைக்க வேண்டும். அடுப்பு மூட்டாமல் உண்ண அவல், பொரி, பிஸ்கட், குழந்தை இருந்தால் பால்மாவு, முதியோர் தவறாமல் உட்கொள்ளும் மாத்திரைகள், டார்ச், பேட்டரி வானொலி ஆகியவை கையருகே இருக்கட்டும். இன்சுலின் போடுவோர், பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகள் எங்கே செல்வது என்பதை முன்பே முடிவு செய்தாக வேண்டும். குடிசை, ஓட்டு வீடு, தாழ்வான பகுதி என்றால் பொழுது சாய்வதற்குள் நிவாரண முகாமுக்குப் போய்விட வேண்டும். ஆடுமாடுகளைக் கட்டி வைக்காமல் அவிழ்த்துவிட வேண்டும்.

காற்று திடீரென அடங்கினால் வெளியே வரக்கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் சுழன்றடிக்கும்.

புயல் வேறிடத்தில் கரையேறினாலும் வெள்ளம் வரலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தில் கரையைக் கடந்தது. ஆனால் சென்னையின் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் நீரில் நின்றன. வீட்டுக்குள் நீர் ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070.

நீர் வடிந்தபின் அறுந்த மின்கம்பியையும் மூலைகளில் ஒதுங்கிய பாம்பையும் கவனிக்க வேண்டும். குடிநீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும். நிவாரணம் கோர உதவும் என்பதால், இடிபாட்டை அகற்றும் முன் சேதத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.