தட்டை மாட்டுக்கு, தானியம் யாருக்கு?



டெக்சாஸில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, இங்கே இறைச்சிக் கடையில் 'தானியம் கொடுத்து வளர்த்த மாடு' என்று பெருமையாக எழுதி வைக்கிறார்கள். மாட்டுக்குப் போய் யாராவது தானியம் போடுவார்களா?" இதற்கான பதில் நம் அரும்பாவூர்க் காட்டில் வந்து முடிகிறது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நம் வழக்கம் எளிது. சோளமோ கம்போ விளைந்தால் கதிர் மனிதனுக்கு, தட்டை மாட்டுக்கு. உழவு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்போம். கறவை மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும். எல்லாம் உழைப்புக்கும் பாலுக்கும்தான். கறிக்காக மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டிக் கொழுக்க வைக்கும் பழக்கம் இங்கே இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. ஓஹையோவின் சியோட்டோ பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது. மலை தாண்டிக் கிழக்கே கொண்டுபோய் விற்றால் வண்டிக்கூலி கட்டாது. அதையே மாட்டுக்குப் போட்டால், மாடு தன் காலாலேயே சந்தைக்கு நடந்துவிடும். 1805-ல் ஜார்ஜ் ரெனிக் என்பவர் இப்படிக் கொழுத்த மந்தையைப் பால்டிமோர் நகரம் வரை ஓட்டிச் சென்றார். மிஞ்சிய தானியத்தைக் காசாக்க வந்த வழி இது.

1927-ல் அமெரிக்க அரசு மாட்டிறைச்சிக்குத் தரமுத்திரை குத்தத் தொடங்கியது. சதைக்குள் கொழுப்பு வெள்ளைக் கோடுகளாக ஓடினால் உயர்ந்த தரம். புல் மட்டும் தின்ற மாட்டுக்கு அந்தக் கோடு எளிதில் விழாது. மாணவர் பார்த்த பெருமை இங்கிருந்து வந்ததுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உரமும் வீரிய விதையும் தானியத்தை மலையாகக் குவித்தன. வெட்டுவதற்கு முந்தைய நாலு முதல் ஆறு மாதம் ஆயிரக்கணக்கான மாடுகளைப் பட்டியில் அடைத்துத் தானியம் போட்டார்கள். மாடு ஒரு கிலோ எடை கூட ஆறேழு கிலோ தீவனம் வேண்டும். 1960-களில் டெக்சாஸ் பட்டிகள் பெருகியது, நிலத்தடி நீரை இறைத்து விளைவித்த சோளத்தால். நாம் சோறாக்கி உண்ட அதே சோள இனம்! அங்கே அதற்கு மைலோ என்று பெயர். அந்தப் பத்தாண்டின் நடுவில் நம் நாட்டில் பஞ்சம் வந்தபோது, பி.எல்.480 திட்டத்தில் கோதுமையோடு மைலோவும் கப்பலேறி வந்தது. அங்கே மாட்டுத் தீவனம், இங்கே மனிதனுக்கு ரேஷன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மாட்டின் வழியாக வராத அந்த முறை, நம்மிடம் கோழியின் வழியாக வந்தது. நாமக்கல்லில் முட்டைப் பண்ணைகள் பெருகின. கோவை, பல்லடம் பக்கம் 1990-களில் கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணைகள் வளர்ந்தன. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். கம்பும் சோளமும் விளைந்த நம் மானாவாரிக் காடுகள் அதற்கு மாறின. இன்று தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்கிறது.

இதைக் குறையாக மட்டும் சொல்ல மாட்டேன். அந்தக் காசில் படித்து மேலே வந்தவர்கள் உங்களில் பலர். கோழியும் மாட்டைவிடச் சிக்கனம். ஒரு கிலோ எடைக்கு இரண்டு கிலோ தீவனம்கூடத் தேவையில்லை.

ஆனால் சோளம் விலை போகாவிட்டால் அப்பன் பாட்டன் குதிரில் கொட்டி வைத்துச் சாப்பிட்டார்கள். இதை அப்படிச் செய்ய முடியாது. 2018-ல் படைப்புழு வந்து காட்டை அழித்தது. 2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தி கிளம்பியது; கறி விற்கவில்லை, மக்காச்சோள விலையும் சரிந்தது. பிறகு எத்தனால் ஆலைகள் வாங்கத் தொடங்கியதும் விலை ஏறியது. ஏற்றமோ இறக்கமோ, நம் கையில் இல்லை.

ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். எல்லாக் காட்டையும் மக்காச்சோளத்துக்கே விடாதீர்கள். ஒரு அரை ஏக்கராவது சோளமோ கம்போ போடுங்கள். கதிர் வீட்டுக்கு ஆகும், தட்டை மாட்டுக்கு ஆகும்.

உங்கள் காட்டில் கடைசியாகச் சோளம் எந்த வருடம் விளைந்தது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். அதுவும் நம் ஊர் வரலாறுதான்.