செக்கின் பின்பக்கம்

1802இல் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தில், சபைக்கும் அரசுக்கும் நடுவே ஒரு சுவர் என்ற படிமம் வருகிறது. கடிதத்துப் படிமம் சட்டமாகிவிடுவது அபூர்வம். இது ஆயிற்று. 1947இல், நியூ ஜெர்சியிலிருந்து வந்த எவர்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஹ்யூகோ பிளாக், சுவர் உயரமானது, சிறு உடைப்பையும் அனுமதிப்பதற்கில்லை என்று எழுதினார். அதே தீர்ப்பில், கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தையும் பொதுப் பணத்திலிருந்து பெற்றோருக்குத் திருப்பித் தரலாம் என்றும் எழுதினார். ஐந்துக்கு நான்கு. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ராபர்ட் ஜாக்சனுக்கு 'டான் ஜுவா'னின் ஜூலியா ஞாபகம் வந்துவிட்டாள். அவளுடைய மறுப்பு எத்தகையது என்பது பைரனைப் படித்தவர்களுக்குத் தெரியும். இவ்வளவு கச்சிதமான விமர்சனத்தை நம் விமர்சகர்களிடம்கூட நான் அதிகம் கண்டதில்லை.

பெற்றோர் கைவழியாக என்ற சின்ன விவரம் பிறகு தத்துவமாக வளர்ந்தது. 1986இல், பாதிரியாராகப் படிக்க அரசு உதவி கேட்ட பார்வையற்ற மாணவர் ஒருவரின் வழக்கில், மார்ஷல் ஓர் உவமை சொன்னார்: அரசு ஊழியர் தம் சம்பளத்தைக் கோயிலுக்குக் கொடுத்தால், கொடுத்தது அரசாகிவிடுமா?

2002இல் க்ளீவ்லாந்து. ஏழைக் குடும்பங்களுக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2,250 டாலர் வரை. 1999-2000இல் சேர்ந்த மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் 96 சதவீதம் பேர் மதப் பள்ளிகளில். செக் பெற்றோர் பெயரில் வரும். அவர்கள் பின்பக்கம் கையெழுத்திட்டுப் பள்ளிக்குத் தரவேண்டும். தேர்வு பெற்றோருடையது, ஆகவே அரசு மதத்துக்குப் பணம் தரவில்லை என்றார் ரென்குவிஸ்ட். மறுபடி ஐந்துக்கு நான்கு. நான் பாங்க் கவுண்டரில் உட்காருகிறவன். பின்பக்கத்துக் கையெழுத்தைப் பார்ப்பது பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று அறியத்தான். இங்கோ அதே கையெழுத்து அரசின் விரல்ரேகையைத் துடைத்துத் தருகிறது.

இப்படியானால் எவர்சனுக்கு என்ன அர்த்தம் என்று கேட்ட ஸூட்டர் பக்கமே என் சாய்வு. ஆனால் அந்நகரின் பள்ளிகள் 1995இல் நீதிமன்ற உத்தரவால் மாநிலத்தின் நேரடிப் பொறுப்புக்குப் போகுமளவு சீரழிந்திருந்தன. அங்கே பிள்ளையை அனுப்பிக்கொண்டிருந்த தாயிடம் சுவரின் மகிமையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சுவரும் அப்படியொன்றும் நிரபராதி இல்லை. 1844இல் ஃபிலடெல்ஃபியாவில், பள்ளியில் எந்த பைபிளைப் படிப்பது என்ற சச்சரவோடு வளர்ந்த கலவரத்தில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன. 1875இல் பிளெய்ன் முன்மொழிந்த திருத்தம் செனட்டில் தோற்றாலும், அதன் சாயலிலான விதிகள் பல மாநில அரசியல் சட்டங்களில் ஏறின. அவற்றில் 'பிரிவினருக்கு' என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கருக்கு என்றே பொருள்.

2020இல் மொன்டானா வழக்கு, 2022இல் மெய்ன் வழக்கு. உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர்களுக்காகக் கல்விக் கட்டணம் தரும் மெய்ன், 1981 முதல் மதப் பள்ளிகளை ஒதுக்கிவைத்திருந்தது. அந்த ஒதுக்கல் செல்லாது என்றார்கள், ஆறுக்கு மூன்று. பிளாக்கின் 'தரலாம்', தனியார் பள்ளிக்குத் தந்தால் 'தந்தே ஆகவேண்டும்' என்றாகிவிட்டது. ஆனால் தீர்ப்புக்கு முந்தின ஆண்டே மெய்ன் சட்டமன்றம், அரசுப் பணம் வாங்கும் பள்ளி எதுவும் பாரபட்சத் தடைக்கு உட்படும்படி மாநிலச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. பணம் வேண்டும், அந்த நிபந்தனை வேண்டாம் என்று பள்ளிகள் திரும்பவும் வழக்குப் போட்டன.