ஒரு பெருவிரல் அடையாளமும் 16ஆம் பிரிவும்

சின்ன வயதில் எங்கட வீட்டில குரலைத் தாழ்த்திச் சொல்லப்பட்ட சொற்களில் ஒன்று ‘நாலாம் மாடி’. கொழும்பில் இருக்கிற குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் தலைமையகத்தைத்தான் அப்படிச் சொல்லுறது எண்டு பிறகுதான் தெரிந்தது. “நாலாம் மாடிக்குக் கொண்டு போட்டாங்களாம்” எண்டால் அதுக்கு மேல ஒருவரும் விளக்கம் கேட்கமாட்டினம். அங்கே என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஏன் நடக்குது எண்டதை மட்டும் ஒருவரும் கதைத்ததாக நினைவில்லை.

இனவாதம், கொடூரமான ஆக்கள், அதனால் அடிக்கிறாங்கள் என்பது ஒரு பதில். அது பொய்யில்லை, ஆனால் போதாது. அடித்து எடுத்த ஒரு பேப்பருக்கு நீதிமன்றத்தில் என்ன பெறுமதி எண்டதில்தான் மீதிப் பதில் இருக்கு. அதைத் தேடிப் போனால் 1979இல் நிற்க முடியாது. 1855ஆம் ஆண்டின் மதராசுக்குப் போகவேண்டும்.

அப்போது கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சி. வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற பேச்சு 1854இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழும்பியது. மதராஸ் அரசு ஒரு விசாரணை ஆணைக்குழுவைப் போட, சனங்கள் வெகு தூரத்திலிருந்தெல்லாம் முறைப்பாடு சொல்ல வந்தார்கள். 1855இல் அறிக்கை வந்தது. விரல்களை மரத்துக்கிடையில் வைத்து நெரிக்கிற ‘கிட்டி’ என்ற கருவியின் தமிழ்ப் பெயர் அந்த ஆங்கில அறிக்கைக்குள் அப்படியே இருக்கிறது. உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் விடுவது, கண்ணில் மிளகாய் பூசுவது எண்டு பட்டியல் நீளுது. வரி எடுக்கிறவனும் அதே ஆள், களவைப் பிடிக்கிறவனும் அதே ஆள். வரிக்கு ஒரு அடி, வாக்குமூலத்துக்கு இன்னொரு அடி.

அறிக்கை வெள்ளைக்கார அதிகாரிகளைக் காப்பாற்றிவிட்டு, பழியை முழுக்க உள்ளூர்ச் சேவகர்களின் தலையில் கட்டியது. ஆகவே இதை நீதியின் பொற்காலம் எண்டு நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒன்று நடந்தது. 1859இல் மதராசுக்குத் தனிப் பொலிஸ் சட்டம் வந்தது. 1861இல் வந்த இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பொலிஸ்காரரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிரான சான்றாகப் பாவிக்கக்கூடாது என்றது. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சான்றுச் சட்டத்தில் அதுவே 25ஆம் பிரிவு ஆனது. சித்திரவதைக்குக் கொடூரம் மட்டுமில்லை, சோம்பலும் ஒரு காரணம் எண்டு இந்திய அனுபவமுள்ள ஓர் அதிகாரி சொன்னதை ஸ்டீபன் பிறகு பதிவு செய்திருக்கிறார். அலைந்து திரிந்து சாட்சி தேடுவதை விட ஆளைப் பிடித்து அடிப்பது சுகம். அந்தச் சுகத்துக்குப் பலன் கிடைக்காமல் செய்வதுதான் 25ஆம் பிரிவின் வேலை.

1895இல் இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் இந்தியச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. இலக்கம் கூட மாறவில்லை. இங்கேயும் 25ஆம் பிரிவுதான். பொலிஸ் காவலில் இருக்கும்போது நீதவான் முன்னிலையில் அல்லாமல் சொன்ன ஒப்புதலும் செல்லாது எண்டு 26ஆம் பிரிவு சொல்லுது.

84 வருசம் கழித்து, 1979 ஜூலையில், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதே மாதம் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை. டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்து முடி என்ற கட்டளையோடு பிரிகேடியர் வீரதுங்கவை ஜே.ஆர். ஜயவர்தன வடக்குக்கு அனுப்பினார். பிடியாணை இல்லாத கைதும், அமைச்சரின் கையொப்பத்தில் மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை நீளக்கூடிய தடுப்புக்காவலும் எல்லாரும் கேள்விப்பட்டவை. நான் நிற்க விரும்புவது 16ஆம், 17ஆம் பிரிவுகளில். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லுபடியாகும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம், 26ஆம் பிரிவுகள் இந்த வழக்குகளுக்கு இல்லை. ஒப்புதல் பலவந்தமாக எடுக்கப்பட்டது எண்டால், அதை நிரூபிக்கிற பொறுப்பு ஒப்புதல் கொடுத்தவருடையது.

கடைசி வசனத்தை இன்னொருதரம் வாசியுங்கோ. அடிச்சவன் அடிக்கேல்லை எண்டு நிரூபிக்கத் தேவையில்லை. அடிவாங்கினவர்தான் நிரூபிக்கவேணும். அறைக்குள் இருந்த சாட்சிகளோ அடிச்சவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும்.

சட்டம் படிக்கிறவர்களுக்குச் சிங்கராசா வழக்கு தெரிந்திருக்கும். 1993 ஜூலையில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு சுற்றிவளைப்பு. ஏறக்குறைய 150 தமிழ் ஆண்களோடு அவரும் பிடிபடுகிறார். ஆமி கேம்பில் மாமரத்தில் கட்டித் தூக்கி அடித்ததாகவும், பிறகு பொலிசின் கையில் மாதக்கணக்கில் சித்திரவதைப்பட்டதாகவும் அவர் சொன்னார். டிசம்பரில் ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன்னால் ‘ஒப்புதல்’ பதிவாகிறது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கொன்ஸ்டபிள். வெளி மொழிபெயர்ப்பாளரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. பேப்பர் சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது, கையெழுத்து வைக்க மறுத்தார். பெருவிரலைப் பிடித்து அமத்தினாங்கள் என்பது அவரின் வாக்கு.

யாழ் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்கள் மீதான தாக்குதல்களில் பங்கு எண்டு குற்றப்பத்திரிகை. முதுகில் தழும்பும் இடது கண்ணில் காயமும் இருந்ததாக வைத்திய அறிக்கை சொன்னது. அப்படியெண்டால் நீதவானிடம் ஏன் முறையிடேல்லை எண்டு மேல் நீதிமன்றம் கேட்டது. நீதவான் முன் நின்றுவிட்டுத் திரும்பிப் போவது யாருடைய காவலுக்குள் எண்டு யோசித்தால் விடை தெரியும். 1995இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. ஆதாரம் அந்த ஒப்புதல் மட்டும்தான்.

2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, ஒப்புதல் தானாகக் கொடுக்கப்பட்டது எண்டு நிரூபிப்பது அரசின் வேலை, அந்தப் பாரத்தை அவர் மேல் சுமத்தியது தவறு என்றது. அந்த முடிவோடு அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2006இல் கிடைத்த பதில், அந்தக் குழுவிடம் முறையிட வழி செய்த நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்பது. பெருவிரல் அடையாளத்தைப் பற்றி அங்கே கதை இல்லை.

25ஆம் பிரிவு இருந்தால் அடி விழாதா எண்டு கேட்கலாம். விழும். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸ் காவலில் இருந்த இளைஞர் இறந்தது பயங்கரவாத வழக்கில் இல்லை, சாதாரணக் களவுச் சந்தேகத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் பேசிய காணொளியை எங்களில் கனபேர் பார்த்தோம். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை இந்த நாட்டில் குற்றம். ஆனால் வட்டுக்கோட்டையில் அடித்து எடுத்த ஒப்புதலை நீதிமன்றம் கையால் தொடாது. 16ஆம் பிரிவு நீதிமன்றத்தையே அந்தப் பேப்பரை வாங்குகிற ஆளாக்கிவிட்டது. இந்த வித்தியாசம் சின்னதில்லை.

தமிழருக்கு மட்டும் தான் இந்தச் சட்டம் எண்டு தெற்கில் கனகாலம் நினைத்தார்கள். 2020இல் மன்னாரைச் சேர்ந்த முஸ்லிம் கவிஞர் அஹ்னாப் ஜசீம் ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகத்துக்காக உள்ளே போனார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை 2023 டிசம்பரில். 2022 ஓகஸ்டில் அரகலயவின் மாணவர் தலைவர்களையும் இதே சட்டத்தில் பிடித்தார்கள்.

அந்த வருட ஆரம்பத்தில்தான் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். தடுப்புக்காவல் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை. மூன்று வருடத்துக்கு எண்டு வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அந்தச் சட்டத்தின் முழுப்பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்களையும் தொடவில்லை.