குரலில் பிறந்த உருவம்: ‘கோச்சடையான்’ பாடல் தொகுப்பு குறித்து

தமிழ்த் திரைப்பட ஆய்வுகளில் பாடல் வெளியீடு என்றால் அது பெரும்பாலும் வணிகக் கணக்கில்தான் சேர்க்கப்படுகிறது. படம் முடிகிறது, பாட்டு வருகிறது, விழா நடக்கிறது, கூட்டம் சேர்கிறது. இதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் 2014 மே 23 அன்று திரைக்கு வந்த ‘கோச்சடையான்’ படத்துக்கு இந்த வரிசை பொருந்தாது. ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த அதன் பாடல் தொகுப்பைப் படத்துக்கான விளம்பரமாகப் பார்ப்பது பிழை. அசைவூட்டப் படமொன்றில் நாயகனை நாயகனாக நிலைநிறுத்தும் வேலையின் பாதியை அந்தத் தொகுப்பே செய்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் திருத்தணி, கே.ஜி.கண்டிகைப் பகுதியை மனத்தில் வைத்து இதைச் சோதிக்க முடியும். அங்கே இந்த வாதம் உறுதிப்படவும் செய்கிறது, சிக்கலாகவும் செய்கிறது.

முதலில் தொழில்நுட்பம். அசைவூட்டப் படத்தில் ஒலி முன்னே, படம் பின்னே. ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். 12 சட்டத்துக்கு ஒரு தாளம் விழுந்தால் நிமிடத்துக்கு 120 தாளம். பாத்திரம் எந்தச் சட்டத்தில் வாய் திறக்க வேண்டும், எந்தச் சட்டத்தில் கால் தரையில் பட வேண்டும் என்பதை வரைபவர் பதிவான ஒலியைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ 1937 டிசம்பரில் திரைக்கு வந்தது. அடுத்த மாதமே விக்டர் நிறுவனம் அதன் பாடல்களை இசைத்தட்டுத் தொகுப்பாக வெளியிட்டது. முழுநீளப் படமொன்றிலிருந்து விற்பனைக்கு வந்த முதல் பாடல் தொகுப்பு என்று பரவலாகக் கருதப்படுவது அதுதான். படத்தில் வரும் அதே பாத்திரங்கள், அதே ஒலிகள் இதில் இருக்கின்றன என்று அந்தத் தொகுப்பின் தலைப்பே உறுதி கூறியது. ஓவியத்தை இசைத்தட்டில் ஏற்ற முடியாது. குரலை ஏற்றினால் பாத்திரமே வந்துவிட்டதாக 1938லேயே நம்ப முடிந்திருக்கிறது.

தமிழ்த் திரைக்கு இது புதிதும் இல்லை. 1938இல் வந்த ‘நந்தகுமார்’ தொடங்கி நிலைபெற்ற பின்னணிப் பாடல் முறையில், பாட்டு முதலில் பதிவாகும். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர் வாயசைப்பார். அந்த வகையில் நம் பாடல் காட்சிகள் பிறவியிலேயே அசைவூட்டத்துக்கு நெருங்கிய உறவு. ஒரே ஒரு வேறுபாடு உண்டு, அது பெரிது. பின்னணிப் பாடலில் உடல் சொந்தம், குரல் இரவல். சிவாஜியின் முகத்தில் டி.எம்.சௌந்தரராஜனின் குரல் ஒட்டியது அப்படித்தான். ‘கோச்சடையான்’ உருவான மோஷன் கேப்சர் முறையில் உடலும் தன் உறுதியை இழக்கிறது. உடையில் ஒட்டிய குறிகளைச் சுற்றியுள்ள கேமராக்கள் பின்தொடர்ந்து அசைவைத் தரவாக்குகின்றன. அந்த அசைவைத் தந்தவர் யாராக இருந்தாலும், மேலே எந்த உருவத்தையும் போர்த்திவிடலாம்.

இதற்குக் ‘கோச்சடையான்’ படமே கூர்மையான சான்று தருகிறது. 2009இல் மறைந்த நாகேஷ் அதில் ஒரு பாத்திரமாக வருகிறார். முகத்தைக் கணினியில் வடிக்க முடிந்தது. ஒல்லியான அந்தத் தேகத்தையும் நடையையும் ஓரளவு கொண்டுவர முடிந்தது. குரலை மட்டும் இன்னொருவரிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. நாகேஷைத் தெரிந்த எந்தக் காதும் அந்த இடத்தில் சற்றுத் தயங்கும். உருவத்தை மீட்டெடுத்த தொழில்நுட்பம் குரலிடம் தோற்ற இடம் அது. இதைக் குறையாகச் சுட்டவில்லை. இந்தப் படத்தில் எது நகல், எது அசல் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் இல்லை.

இந்தப் பின்னணியில் தொகுப்பின் குரல் தேர்வைப் பார்க்க வேண்டும். 2013 அக்டோபர் 7 அன்று, படத்துக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, முதல் பாடலாகத் தனியே வெளிவந்தது ‘எங்கே போகுதோ வானம்’. வைரமுத்து எழுதியது, எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியது. ‘அண்ணாமலை’, ‘பாட்ஷா’, ‘முத்து’, ‘படையப்பா’, ‘எந்திரன்’ என்று, இப்படத்தின் நாயகனான ரஜினியின் அறிமுகப் பாடலுக்கு எஸ்.பி.பி. என்பது இருபது ஆண்டுப் பழக்கம். திரையில் தெரியப்போகும் உருவத்தை மக்கள் ஏற்பார்களா என்பது தெரியாத நிலையில், அவர்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட குரல் முதலில் அனுப்பப்பட்டது. 2014 மார்ச் 9 அன்று சென்னை சத்யம் திரையரங்கில் முழுத் தொகுப்பு வந்தபோது இந்த உத்தி இன்னும் ஆழமாகியிருந்தது. ‘மாற்றம் ஒன்றுதான் மாறாதது’ பாடலில் ஹரிசரண் பாட, ரஜினி தம் குரலிலேயே பேசுகிறார். 1992இல் ‘மன்னன்’ படத்தில் இளையராஜா அவரைப் பாடவைத்த பிறகு, இத்தனை காலம் கழித்து அவர் குரல் ஒரு பாடலுக்குள் நுழைகிறது. ‘மணப்பெண்ணின் சத்தியம்’ பாடலைப் பாடியவர் லதா ரஜினிகாந்த். ஆக, கணினி வடித்த ஒரு நாயகனைச் சுற்றி நாயகனின் சொந்தக் குரல், அவர் துணைவியின் குரல், அவருக்காகவே பழகிய பின்னணிக் குரல் என மூன்று உண்மையான குரல்கள் நிற்கின்றன.

ரஜினியின் அந்தப் பகுதியை மெதுவாகக் கேட்டால் இன்னொன்று புலப்படும். அவர் ராகத்தை நம்பவில்லை, நிறுத்தத்தை நம்புகிறார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே விடும் மூச்சு, கடைசி அசையைச் சட்டென வெட்டும் பழக்கம், இவையெல்லாம் மேடைப் பேச்சிலும் நாம் கேட்டவை. பின்னணியில் கோரஸ் எழும்போதும் அந்த நிறுத்தங்களை ரஹ்மான் நிரப்பாமல் விட்டிருக்கிறார். இசையமைப்பாளரின் அடக்கமான, ஆனால் தீர்மானமான முடிவு அது. அனிமேஷன் முகத்தில் வராத நுண்ணசைவுகள் இந்த இடைவெளிகளில் கேட்கின்றன.

இதெல்லாம் நட்சத்திர விற்பனைதானே என்று ஒருவர் கேட்கலாம். சோனி மியூசிக் வெளியிட்ட தொகுப்பு; ரஜினி பெயர், ரஹ்மான் பெயர்; குடும்பத்தினர் பங்களிப்பு செய்தியாகும் என்பதும் தெரிந்ததே. வணிக நோக்கம் இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விற்பதற்கு என்றால் ஒரு ரஜினி பாடல் போதும். மணமகன் சத்தியம், மணமகள் சத்தியம், ‘கர்ம வீரன்’ என்று காப்பியத்தின் பகுதிகள்போல ஒன்பது தடங்களையும் அடுக்கியதற்கு வணிகம் மட்டும் விளக்கம் தராது. படம் வந்தபோது அசைவூட்டத்தின் தரம் குறித்துப் பல விமரிசகர்கள் குறைப்பட்டார்கள். பாடல்களை அந்தக் குறை தொடவில்லை.

இந்த வாதத்துக்கு இடங்கொடுக்காத தடம் ஒன்றும் உண்டு. லண்டன் இசைக்குழு வாசித்த ‘ராணாவின் கனவு’ குரலே இல்லாத வாத்திய இசை. அங்கே ரஜினியை யாரும் தேட முடியாது. அது படத்தின் அளவை, அரங்கின் விரிவை மட்டுமே அறிவிக்கிறது. 

இனி எல்லைப்புறம். திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1 அன்று, ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தின்படி. ஆட்சி எல்லை மாறினாலும் காது மாறவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் காவடிகளில் இரு மொழிப் பாட்டும் கேட்கும். நகரி, புத்தூர் பஸ்களும் கே.ஜி.கண்டிகைப் பக்கத்து ஷேர் ஆட்டோக்களும் புழங்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தில், ‘கோச்சடையான்’ மட்டுமின்றி அதன் தெலுங்கு வடிவமான ‘விக்ரமசிம்ஹா’வும் ஒரே சந்தையில் எட்டக்கூடியவை. செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்ளும் வழக்கம் சிற்றூர்களில் வலுவாக இருந்த காலம் அது.

இங்கேதான் வாதம் தன் கடினமான சோதனையைச் சந்திக்கிறது. தெலுங்கு ரசிகர்களுக்கு ரஜினியின் குரல் என்பது நெடுங்காலமாக டப்பிங் பேசிவரும் பாடகர் மனோவின் குரல். தமிழ்க் காதுக்கு அசலாக ஒலிக்கும் ரஜினியின் சொந்தப் பேச்சு, அவர்களுக்கு அந்நியமாகக்கூட இருக்கலாம். ஆகவே குரல் உருவத்துக்குச் சான்று தருகிறது என்பதைவிட, கேட்டுப் பழகிய குரல் சான்று தருகிறது என்று திருத்திச் சொல்வதே சரி. அப்படித் திருத்தினால் எஸ்.பி.பி.யின் இடம் இன்னும் முக்கியமாகிறது. ரஜினியின் பேச்சைப் போலன்றி, எஸ்.பி.பி.யின் குரல் இரண்டு மொழிக்கும் வீட்டுக் குரல். அவர் பிறந்த கோனேட்டம்பேட்டையும் திருத்தணிக்கு வடக்கே, இதே பள்ளிப்பட்டு எல்லைப்புறத்தில்தான் இருக்கிறது. முதல் பாடலாக எதை அனுப்புவது என்று முடிவு செய்தவர்கள் இந்த ஊர்களை நினைத்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லையின் இரு பக்கத்திலும் அறிமுகம் தேவைப்படாத ஒரே குரல் அந்தத் தொகுப்பில் அதுவாகத்தான் இருந்தது.