அழாத குழந்தை: சிறார் அறுவைச் சிகிச்சையும் பெற்றோர் உடனிருப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பிரித்தானிய மருத்துவமனைகள், அறுவைக்கும் நீண்டகாலச் சிகிச்சைக்கும் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளிடமிருந்து பெற்றோரை விலக்கியே வைத்திருந்தன. அவ்விலக்கம் தளர்ந்த வரலாறு பெரும்பாலும் ஓர் உளவியல் கோட்பாட்டின் வெற்றியாகவே எழுதப்பட்டுள்ளது. குழந்தையின் மௌனத்தை மருத்துவமனை எவ்வாறு பொருள்கொண்டது என்னும் வினாவை முன்னிறுத்தி அவ்வரலாற்றை மறுபடி நோக்குகிறது இக்கட்டுரை.

திறவுச்சொற்கள்: சிறார் மருத்துவம், அறுவைச் சிகிச்சை, பார்வை நேரம், ஜேம்ஸ் ராபர்ட்சன், பிளாட் அறிக்கை, பிக்கரில்

முன்னுரை

1949ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேர விதிகள் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் தொகுத்து வெளியிடப்பட்டன. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுவதும் பெற்றோர் குழந்தையைக் கண்டு பேச இயலாது. மாலை ஏழு முதல் எட்டு மணிவரை, உறங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை மட்டும் பார்க்கலாம். இலண்டன் மருத்துவமனையில் மூன்று வயதுக்குட்பட்டோரைத் தடுப்பின் வழியாக மட்டுமே காணலாம். வேறு சிலவற்றில் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். தாய் கட்டிலருகே பாய் விரித்துப் படுப்பதை மருத்துவமனையின் இயல்பான காட்சியாகக் கண்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இவ்விதிகள் கொடுமையாகத் தோன்றக்கூடும். ஆயினும் அவற்றை வகுத்தவர் கல்நெஞ்சர் அல்லர். குழந்தைகளின் நலனுக்காகவே அவ்விதிகள் நடைமுறையில் உள்ளன என்று அவர்கள் உளமார நம்பினர். அந்நம்பிக்கை எச்சான்றின்மீது நின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கதவு அடைபட்டதன் காரணங்கள்

பெற்றோரைப் பிரிந்த நோயுற்ற குழந்தை உளமுடையும் என்பது இருபதாம் நூற்றாண்டில் புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையன்று. 1769இல் இலண்டனில் ஏழைக் குழந்தைகளுக்கென மருந்தகம் தொடங்கிய ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங், குழந்தைகளை உள்நோயாளியாகச் சேர்ப்பதையே இக்காரணத்தால் எதிர்த்தார். தாயையோ செவிலித்தாயையோ விட்டுப் பிரித்தால் நோய்க்கு முன்னரே துயரம் அக்குழந்தையை வீழ்த்தும் என்பது அவர் கருத்து. 1852இல் பத்துப் படுக்கைகளுடன் கிரேட் ஆர்மண்ட் தெருவில் சிறார் மருத்துவமனை திறக்கப்பட்டபின் உள்நோயாளிச் சிகிச்சையே வழக்கமாயிற்று. ஆம்ஸ்ட்ராங்கின் எச்சரிக்கை மறக்கப்பட்டது.

கதவடைப்புக்குக் கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானது தொற்று. எதிருயிரி மருந்துகள் இல்லாத காலத்தில் ஒரு பார்வையாளர் கொண்டுவரும் தொண்டை அழற்சியோ தட்டம்மையோ ஒரு வார்டையே அழிக்க வல்லதாக இருந்தது. இதனைப் பொய்க்காரணம் என ஒதுக்குவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. இரண்டாம் காரணம் ஒழுங்கு: இடம் குறைவு, செவிலியர் குறைவு, பெற்றோரால் வேலைக்கு இடையூறு. தனிக்கட்டண அறைகளில் இவ்விதிகள் நெகிழ்ந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பொதுவார்டின் ஏழைத் தாயே ஒழுங்கைக் குலைப்பவளாகக் கருதப்பட்டாள்.

மூன்றாம் காரணமே இக்கட்டுரைக்கு உரியது. சேர்க்கப்பட்ட முதல் நாட்களில் குழந்தை கதறும். சில நாட்களில் அடங்கும். அதன்பின் கொடுத்ததை உண்ணும், ஊசிக்குக் கை நீட்டும். பெற்றோர் வந்துபோனால் மறுபடி அழும். ஆகவே குழந்தையைக் கலக்குவது பெற்றோர் வருகையே என்று செவிலியரும் மருத்துவரும் முடிவுகட்டினர். ஒவ்வொரு நாளும் கண்முன் நிகழ்ந்ததைக் கண்டு எடுத்த முடிவு அது. கண்டதில் பிழையில்லை, கண்டதற்குக் கொடுத்த பொருளிலேயே பிழை இருந்தது.

அறுவை மருத்துவர் காட்டிய வழி

கதவு திறந்த கதையை உளவியலாளரிடமிருந்து தொடங்குவது மரபு. காலவரிசைப்படி அது முறையன்று. நியூகாசில் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே தாய்மாரைக் குழந்தைகளுடன் தங்கவைத்தார். பாலூட்டும் தாயைப் பிரித்துவிட்டுக் குழந்தையைப் பேணுவது மருத்துவ நோக்கிலும் வீண் என்பது அவர் கணிப்பு. 1946இல் ஆற்றிய சார்லஸ் வெஸ்ட் நினைவுச் சொற்பொழிவில் பெரிய வார்டு அமைப்பையே அவர் கடுமையாகச் சாடினார்.

இவரினும் குறைவாகப் பேசப்படுபவர்கள் நியூசிலாந்தின் ஹென்றி பிக்கரில், செசிலி பிக்கரில் இணையர். ஹென்றி முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிட்கப் மருத்துவமனையில் அறுவை செய்தவர். செசிலி அந்நாட்டின் முதல் பெண் ஒட்டறுவை மருத்துவர். இருவரும் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உடைய குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்தனர். இவ்வறுவை ஒருமுறையோடு முடிவதன்று. உதட்டைச் சீராக்கிய குழந்தை அண்ணத்துக்காகத் திரும்பி வரும். வளர்ந்தபின் மேலும் திருத்தங்கள் தேவைப்படலாம். தையலிட்ட உதட்டில் தொற்று ஏற்பட்டால் தையல் பிரியும். அடுத்த அறுவை கடினமாகும். ஒரு குழந்தையிடமிருந்து மற்றொன்றுக்குக் கிருமியைக் கொண்டுசெல்வது பெரும்பாலும் செவிலியரின் கைகளே என்பதை அவர்கள் உணர்ந்தனர். லோயர் ஹட் நகரில் நடத்திய பாசம் மருத்துவமனையில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியறை. அதில் தாயே செவிலி. பாலூட்டுதல், துடைத்தல், காயத்தைக் காத்தல் யாவற்றையும் அவளுக்குக் கற்பித்தனர். குறுக்குத் தொற்று ஒழிந்ததை 1945இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டனர்.

பெற்றோரைத் தடுக்கக் காட்டப்பட்ட முதன்மைக் காரணம் தொற்று; பிக்கரில் இணையர் தாயை உள்ளே அழைத்ததும் தொற்றைத் தடுக்கவே. அன்பைப் பற்றிய கோட்பாடு எதுவும் இன்றி, தையல் பிரியாதிருக்க வேண்டும் என்னும் தொழில் அக்கறையிலிருந்தே அம்முடிவு பிறந்தது. ஆயினும் தொலைவிலிருந்த ஒரு சிறு மருத்துவமனையின் அனுபவம் இலண்டன் வார்டுகளை அசைக்கவில்லை.

ராபர்ட்சனின் படக்கருவி

ஜேம்ஸ் ராபர்ட்சன் (1911–1988) கிளாஸ்கோ அருகே உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஆன்னா ஃபிராய்டின் ஹாம்ப்ஸ்டெட் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பணியாளராகச் சேர்ந்தார். அங்குப் பணிபுரிந்த அனைவரும் குழந்தைகள் குறித்த அவதானிப்புகளை எழுதித் தர வேண்டும் என்பது விதி. கொதிகலன் பணியாளரும் விலக்கல்லர். அப்பயிற்சியே அவரை ஆய்வாளராக்கியது. 1948இல் டாவிஸ்டாக் மருத்துவகத்தில் ஜான் பௌல்பியுடன் இணைந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைக் கவனிக்கத் தொடங்கினார். எதிர்ப்பு, நிராசை, மறுப்பு என மூன்று நிலைகளை வகுத்தார். செவிலியர் குழந்தை தேறிவிட்டது என்று கருதிய அமைதி, இப்பகுப்பில் இரண்டாம் மூன்றாம் நிலைகளாகும்.

அவர் சொன்னதை மருத்துவர்கள் ஏற்கவில்லை. ஆகவே, முன்னனுபவம் இல்லாமலே ஒரு திரைப்படக் கருவியை வாங்கினார். சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் தங்கவிருந்த, இரண்டு வயது ஐந்து மாதமான சிறுமி ஒருத்தி காத்திருப்போர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டாள். வேண்டிய காட்சிகளைப் பொறுக்கி எடுத்தார் என்னும் குற்றச்சாட்டு எழாதிருக்க, முன்பே வரையறுத்த நேரங்களில் மட்டும் படம்பிடித்தார்; சுவர்க் கடிகாரமும் சட்டகத்தில் தெரியும்படி செய்தார்.

'இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குச் செல்கிறது' என்னும் அப்படம் 1952இல் வெளிவந்தது. அதில் கதறல் குறைவு. அச்சிறுமி தன்னை அடக்கிக்கொள்ளும் இயல்பினள். கரடிப் பொம்மையை இறுகப் பற்றியபடி, இடையிடையே தாழ்ந்த குரலில் தாயைக் கேட்கிறாள். முகம் சுருங்கி மீள்கிறது. பழைய கண்கொண்டு நோக்கின் 'நன்கு பொருந்திய' குழந்தைக்கு அவளே சிறந்த எடுத்துக்காட்டு. வீடு திரும்பும் நாளில் தன் பொருட்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு தாயுடன் நடக்கிறாள். தாய் நீட்டிய கையைப் பற்ற மறுக்கிறாள்.

அவ்வாண்டு நவம்பரில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் அரங்கில் படம் திரையிடப்பட்டபோது அவையோர் சினந்தனர். அக்குழந்தை விதிவிலக்கு என்றும், மருத்துவமனைகளின் நற்பெயருக்கு இழுக்கு என்றும் குரல்கள் எழுந்தன. அமர்ஷம் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் டெர்மாட் மெக்கார்த்தியும் சினந்தவர்களுள் ஒருவரே. தம் வார்டில் குழந்தைகள் அழுவது அதன்பின்னரே தம் காதில் விழத் தொடங்கியது என்று அவர் பின்னர் கூறினார். அவருடைய வார்டிலேயே ராபர்ட்சன் தம் இரண்டாம் படத்தை எடுத்து 1958இல் வெளியிட்டார்: தாயுடன் தங்கி அறுவை செய்துகொள்ளும் இருபது மாதக் குழந்தையின் கதை. அதில் குழந்தை அழுகிறது, சிணுங்குகிறது, தாயால் தேற்றப்படுகிறது. நாடகத்தன்மை இன்மையால் இப்படம் முதற்படம் அளவுக்குப் புகழ்பெறவில்லை. எனினும் இரண்டையும் அடுத்தடுத்து நோக்கினாலன்றி முதற்படத்தின் பொருள் முழுமையாக விளங்காது என்பது என் கருத்து. அழுகை அங்கும் உண்டு. அதைக் கேட்கும் ஆள் அருகிலிருக்கிறாள் என்பதே வேறுபாடு.

பிளாட் அறிக்கையும் பாட்டர்சீ தாய்மாரும்

1956இல் அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் எலும்பு அறுவை மருத்துவர் சர் ஹாரி பிளாட். சிறுவயதில் முழங்கால் காசநோய்க்கு ஆளாகி நீண்ட சிகிச்சை பெற்றவர் அவர். 1959இல் வெளியான அறிக்கை தடையற்ற பார்வை நேரம், சிறு குழந்தைகளுடன் தாய் தங்க வசதி, சிறார் பயிற்சி பெற்ற செவிலியர், விளையாட்டு, கல்வி ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்றது. நடைமுறைப்படுத்துவதை அந்தந்த மருத்துவமனையின் விருப்பத்துக்கு விட்டது. விளைவை ஊகிக்கக் கடினமில்லை.

1961இல் ராபர்ட்சன் 'அப்சர்வர்' இதழில் எழுதி, பெற்றோர் தம் அனுபவங்களை அனுப்பக் கோரினார். வந்த மடல்களின் தேர்வு அடுத்த ஆண்டு நூலாயிற்று. 1961இலேயே இலண்டன் பாட்டர்சீ பகுதித் தாய்மார் சிலர் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினர். உள்ளூர் மருத்துவமனைகளின் விதிகளைத் தாமே கேட்டறிந்து, பிளாட் அறிக்கையோடு ஒப்பிட்டு வெளிப்படுத்தியது அவர்களது முறை. 1965இல் அது தேசிய அளவிலான சங்கமாக வளர்ந்தது. குழந்தைகளை இடுப்பில் சுமந்தபடி கூட்டம் நடத்திய அவர்களுக்குக் கோட்பாட்டு வரலாறுகளில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன.

மறுபடி மறுபடி

ஒருமுறை அறுவைக்கு உட்படும் குழந்தைக்கும் திரும்பத் திரும்ப உட்படும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு பின்னரே அளக்கப்பட்டது. 1946 மார்ச்சில் பிறந்தோரைத் தொடர்ந்து ஆராய்ந்த ஜே. டபிள்யூ. பி. டக்ளஸ், ஐந்து வயதுக்குள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியோரிடமும் பலமுறை சேர்க்கப்பட்டோரிடமும் பதின்பருவத்தில் நடத்தைச் சிக்கல்களும் வாசிப்புத் தாழ்வும் மிகுதியாக இருந்ததை 1975இல் வெளியிட்டார். மறு ஆண்டு குவின்டன், ரட்டர் ஆகியோரின் ஆய்வில், ஒரு வாரத்துக்குட்பட்ட ஒற்றைத் தங்கலுக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை, மீள்சேர்க்கைக்குக் காணப்பட்டது. அடிக்கடி நோயுறும் குழந்தைகளின் குடும்பச் சூழலும் இதில் கலந்திருக்கலாம் என்பதால் மருத்துவமனையை மட்டும் காரணமாக்குவது மிகை. எனினும் டக்ளஸின் குழந்தைகள் கதவு அடைபட்டிருந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் என்பது கருதத்தக்கது.

மீண்டும் வரவேண்டிய குழந்தைக்கு உடனிருப்பு மட்டும் போதாது. நிகழவிருப்பது அதற்குத் தெரிய வேண்டும். வியன்னாவில் மாண்டிசோரிப் பயிற்சி பெற்ற எம்மா பிளாங்க் 1955 முதல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் இப்பணியைச் செய்தார். பொம்மைக்கு ஊசியிட்டுப் பார்க்கவும், கருவிகளைத் தொட்டுப் பார்க்கவும், சினத்தை விளையாட்டில் கொட்டவும் குழந்தைகளுக்கு இடமளித்தார்.

மௌனத்தைத் தவறாகப் பொருள்கொண்டதன் கடுமையான வடிவம் அறுவை அரங்கினுள் நிகழ்ந்தது. பச்சிளங் குழந்தைக்கு வலியுணர்வு முதிரவில்லை என்னும் கருத்தும், வலிநீக்க மருந்து உயிருக்கு ஆபத்து என்னும் அச்சமும் சேர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தோடும் சிறிதளவு மயக்கவாயுவோடும் குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை செய்ய வழிவகுத்தன. அக்குழந்தை அசையவில்லை, அழவில்லை, அதனால் இயலாது. இந்திய மருத்துவரான கன்வல்ஜீத் ஆனந்த் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்தி 1987இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், ஃபெண்டனில் சேர்த்துப் பெற்ற குழந்தைகளின் குருதியில் அழுத்தச் சுரப்புகள் வெகுவாகக் குறைந்திருந்தன; அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைவு. இம்முறை சாட்சி சொன்னது படக்கருவியன்று, குருதி.

1988இல் லெய்டன் நகரில் வகுக்கப்பட்ட பத்து அம்சச் சாசனம், மருத்துவமனையில் பெற்றோர் உடனிருப்பதைக் குழந்தையின் உரிமையாக்கியது. ஆயினும் மயக்க மருந்து அறையின் வாசல் வழக்குக்குரியதாகவே நீடித்தது. ஜீவ் கெய்ன் குழுவினரின் 1998ஆம் ஆண்டு ஆய்வில், பெற்றோருடன் சென்ற குழந்தைகளைவிட, முன்கூட்டியே அமைதியூட்டும் மருந்து பெற்றவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. தாயை அறைக்குள் நிறுத்துவதும் தாய்க்கு ஒரு பணியைக் கொடுப்பதும் வெவ்வேறு என்பது இதனால் புலப்பட்டது. அதே குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில் பெற்றோருக்கு முன்பயிற்சி அளிக்கப்பட்டது: குழந்தையின் கவனத்தைத் திருப்பும் முறைகளைக் கற்பித்தனர்; வீட்டிலேயே பழகிப் பார்க்க மயக்கவாயு முகமூடியையும் கொடுத்தனுப்பினர். அக்குழந்தைகள் குறைந்த பதற்றத்துடன் மயக்கமுற்றனர். அறுவைக்குப்பின் அவர்களுக்குத் தேவைப்பட்ட வலிமருந்தும் குறைந்தது. காயத்தைத் துடைக்கவும் காக்கவும் பாசம் மருத்துவமனையில் தாய்மாருக்குக் கற்பிக்கப்பட்டு அப்போது அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.