ரமாபாயின் அச்சுக்கூடம்

பண்டித ரமாபாயைப் (1858–1922) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1883ஆம் ஆண்டிலேயே நின்றுவிடுகின்றனர். இங்கிலாந்தின் வான்டேஜில் அவர் திருமுழுக்குப் பெற்றது தகுமா என்ற வழக்கு அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை. அதன்பின் அந்த நம்பிக்கையை அவர் 39 ஆண்டுகள் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைப் பேசுவோர் சிலரே.

1870களில் சென்னை மாகாணத்துப் பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர் அவர். 1896இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியபோது, நேரில் சென்று ஆதரவற்ற பெண்களையும் சிறுமியரையும் அழைத்துவந்தார். புனே அருகே கேட்காவில் முக்தி இல்லம் வளர்ந்தது அவ்வாறுதான்.

1905இல் அங்கு எழுந்த ஜெப எழுச்சியையே சமய வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. எனக்கோ அவ்வில்லத்தின் அச்சுக்கூடமே பெரிதாகத் தோன்றுகிறது. சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தாவில் ‘பண்டிதா’ பட்டம் பெற்றவர், வழக்கிலிருந்த மராத்தி விவிலியத்தின் நடை எளிய பெண்களுக்கு எட்டாது எனக் கருதினார். எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, முழு விவிலியத்தையும் எளிய மராத்தியில் தாமே பெயர்த்தார். அடுப்படி, தறி, தொழுகை, நோயாளர் பராமரிப்பு ஆகியவற்றுக்கிடையே ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை அது. எழுத்துக் கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் இல்லத்துப் பெண்களே.

1921இல் ஒரே மகள் மனோரமா மறைந்தார். அப்போதும் பணி நிற்கவில்லை. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் ரமாபாய் இறந்தார். முழு விவிலியம் 1924இல் வெளிவந்தது.