வேண்டாம் ஸார், அந்த அப்பீல்!

குடித்துவிட்டுக் கார் ஓட்டி, உலகத்தில் முதன்முதலாகத் தண்டனை வாங்கியவர் என்று சரித்திரம் சொல்லும் ஆசாமி, அப்பீல் பக்கமே போகவில்லை! பெயர் ஜார்ஜ் ஸ்மித். லண்டன் டாக்ஸி டிரைவர், வயசு 25. 1897 செப்டம்பர் 10, நள்ளிரவு தாண்டிய நேரம்... பாண்ட் தெருவில் ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் மின்சாரக் காரை மோதினார். கோர்ட்டில் 'ஆமாம்' என்று ஒப்புக்கொண்டார். 25 ஷில்லிங் அபராதம். கதை முடிந்தது!

நம்ம பக்கம் வருவோம். 1937-ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1939-ல் வட ஆற்காட்டுக்கும் வந்தது. பட்டுத்தறி ஊரான ஆரணி அப்போது அந்த மாவட்டம்தான். அதே வருஷம் மோட்டார் வாகனச் சட்டமும் பிறந்தது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையா என்பதுதான் அதில் கேள்வி. வக்கீல்களுக்குக் கொண்டாட்டம்! 'தள்ளாடினார்', 'இல்லை, கால் தடுக்கியது' என்று இழுக்கலாம். 1994 திருத்தம் ஒரு திட்டமான அளவை வைத்தது. 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். ஊதினால் போதும், மெஷின் சொல்லிவிடும்.

இன்று ஆரணித் தறிக்காரர் ஒருவர் இப்படி மாட்டி, தண்டனை பெற்று, அப்பீலும் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தறி நிற்கிறது, கூலி போகிறது. 'வாபஸ் வாங்கிடலாமா?' என்று மனசு அலைபாயும். கூடவே ஒரு பயம்... மேல்கோர்ட் தண்டனையை ஏத்திடுமோ?

ஏற்றாது. தண்டனை பெற்றவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்டச் சட்டத்தில் இடமில்லை. ஆபத்து வேறு வாசல் வழியாக வரும். 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோடில், நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மீது அலிஸ்டர் பெரைராவின் கார் ஏறியது. ஏழு பேர் பலி. செஷன்ஸ் கோர்ட் கொடுத்தது வெறும் ஆறு மாசம்! ஊர் கொதித்தது. ஹைகோர்ட் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது, அரசும் அப்பீல் போட்டது. தண்டனை மூன்று வருஷமானது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது.

'கோர்ட்டுக்கே போகாமல் இருந்துவிட்டால்?' அதுவும் வாபஸ் ஆகாது. விசாரணைக்கு ஏற்ற அப்பீலை, ஆள் வரவில்லை என்பதற்காகவே தள்ளுபடி செய்யக்கூடாது, ஆவணங்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கணும் என்று 1971-லும் 1996-லும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. வேண்டாமென்றால் வெளிப்படையாக மனு போட்டுக் கேட்கவேண்டும்.

வாபஸ் ஆனால் அபராதத்தோடு போகாது. ஜெயில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தால், உள்ளே போகணும். 2019 திருத்தப்படி முதல் தடவைக்கு ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை என்றால் ஜெயில் இரண்டு வருஷம் வரை, அபராதம் 15,000. வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடும்போதே, அந்த 'முதல் தடவை'யும் கணக்கில் ஏறிவிடுகிறது.